செப்புத் தகடும் சுட்ட மண்ணும்

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியிலும் செருமனியிலும் செப்புத் தகட்டில் கீறி அச்சிடப்பெற்ற கிரேக்க, உரோமப் புராணப் படங்களைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் கட்டுரை எதற்கு என்று இம்மலரைப் புரட்டுவோர் எண்ணக்கூடும். சங்கப் பாட்டு இருக்கிறது, சிலம்பு இருக்கிறது, சீறா இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டு இவன் ஏன் கடல் கடந்து போகிறான் என்றும் கேட்கலாம். காரணம் ஒரு வினா. அதனைக் கேட்டவர் நம் கல்லூரியின் நலம் நாடும் ஊர்ப் பெரியவர் ஒருவர்; ஹாஜியார். அவருடைய பேத்தி இங்கே இளங்கலைத் தமிழ் பயில்கிறாள்.

“தம்பி, பேத்தி வீட்டில் உட்கார்ந்து அகலிகை கல்லான கதையை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். நம் பிள்ளைகள் பிறர் வணங்கும் தெய்வங்களின் கதையைப் படித்து எழுதித்தான் தமிழ்ப் பட்டம் வாங்க வேண்டுமா?” என்று கேட்டார். அவர் குரலில் சினம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். பல்கலைக்கழகப் பாடத்திட்டம் அப்படி என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது பாடத்திட்டத்தை அன்று. ஒரு புராணத்தை நம்பாதவன் அதனைக் கையில் எடுக்கலாமா, எடுத்தால் அவன் கையில் என்ன ஒட்டிக்கொள்ளும் என்பதையே கேட்டார். “எழுதித் தருகிறேன், ஹாஜியார்” என்றேன். இஃது அந்த எழுத்து.

நான் தேர்ந்துகொண்டது சற்றுச் சுற்றுவழிதான். கம்பனையோ பாரதத்தையோ எடுத்துப் பேசினால், பேச்சுத் தொடங்குமுன்பே நாம் ஆளுக்கொரு பக்கம் நின்றுவிடுகிறோம். கோயிலும் பூசையும் ஓய்ந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்ட தெய்வங்களின் கதை என்றால் அந்தத் தொல்லை இல்லை. வீனசுக்கும் நெப்டியூனுக்கும் எங்கள் வேப்பூரில் பகைவரும் இல்லை, பக்தரும் இல்லை. எம்.ஃபில். பட்டத்திற்காகத் தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்தைத் தேடிய நாளில்தான் இப்படங்கள் என் கண்ணில் பட்டன. கொல்லத்தில் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிய அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் படங்கள் எவ்வாறு அச்சேறின என்று பார்க்கப் போனவன், பார்த்த இடத்திலேயே நெடுநாள் நின்றுவிட்டேன்.

தமிழ் படித்தவர்க்கு இத்தொழிலை விளக்குவது எளிது. ஓலையில் எழுத்தாணியால் கீறுகிறோம். கீறியவுடன் எழுத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்து ஓலை முழுதும் தடவித் துடைத்தால், மேற்பரப்பின் மை போய்விடும். கீறலுக்குள் இறங்கிய மை தங்கிவிடும். எழுத்து கறுத்துத் தோன்றும். இதனை மையாடல் என்றனர் நம் முன்னோர். செப்புத் தகட்டுப் படத்தின் நுட்பமும் ஏறத்தாழ இதுவே. முனையைச் சாய்வாகத் தீட்டிய சிற்றுளியை உள்ளங்கையில் ஊன்றித் தள்ளினால் செம்பு மயிரிழை போலச் சுருண்டு எழும். அது போன வழி கோடாகும். வளைகோடு வேண்டுமெனில் உளியைத் திருப்பமாட்டார்கள்; தோல் மெத்தையின்மேல் கிடக்கும் தகட்டைத்தான் திருப்புவார்கள். பின்னர்த் தகடு முழுதும் மை தடவித் துடைப்பார்கள். இதுவரை ஓலையும் செம்பும் ஒரே வழியில் செல்கின்றன. அதன் பிறகு, துடைத்த தகட்டின்மேல் ஈரமூட்டிய தாளை வைத்து இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்தால், கீறலுக்குள் கிடந்த மை தாளுக்கு ஏறிவிடுகிறது. ஓலையில் மை உள்ளே தங்கியது. செம்பில் மை வெளியே வந்தது. வேறுபாடு அவ்வளவே.

பல்லவரும் பாண்டியரும் சோழரும் செப்பேடு வெட்டிய நாடு இது. செம்பு இருந்தது, உளி இருந்தது, கீறலில் மை ஏற்றும் அறிவும் இருந்தது. தாளை அதன்மேல் வைத்து அழுத்தலாம் என்ற எண்ணம் மட்டும் நமக்கு எழவில்லை. ஓலை மலிந்து கிடந்த நாட்டில் தாளைத் தேட வேண்டிய கட்டாயமும் இல்லை. திருவாலங்காட்டுச் செப்பேடு ஒரே இடத்தில் காத்துக் கிடந்தது. ஐரோப்பியன் கீறிய தகடோ, தேய்ந்து மழுங்குவதற்குள் சில நூறு தாள்களை ஈன்றது. அந்தத் தாள்கள் மடிக்கப்பட்டும் சுருட்டப்பட்டும் வணிகர் பைகளில் ஊர் ஊராகச் சென்றன. ஓவியம் முதன்முறையாகக் கால் முளைத்து நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நடந்து சென்றவற்றுள் ஒன்றைப் பார்ப்போம். ஆந்திரேயா மந்தேன்யா என்னும் இத்தாலிய ஓவியர் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் தெய்வங்களின் போரை இரண்டு தகடுகளில் கீறினார். இடைக்குக் கீழே மீனாக அமைந்த ஆடவர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கின்றனர். ஆயுதங்களுள் ஒன்று மீன்கொத்து. போரைத் தூண்டிவிட்ட அழுக்காறு, வற்றிய முலைகளோடு ஒரு கிழவியாக நின்று, தன் பெயர் பொறித்த பலகையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அழுக்காற்றைப் ‘பாவி’ என்ற திருவள்ளுவரைப் படித்தவர்களுக்கு இக்கிழவியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

இந்தப் படம் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து செருமனி சென்றது. ஆல்பிரெக்ட் டியூரர் என்னும் 23 வயது இளைஞர் 1494இல் இதன் ஒரு பாதியைத் தம் கையால் படியெடுத்தார். வெளிக்கோடுகளை அப்படியே தடம்பற்றி வரைந்தவர், உள்ளே நிழல் காட்டும் கோடுகளை மட்டும் மாற்றிவிட்டார். மந்தேன்யாவின் நிழல் சாய்ந்து விழும் மழைபோல நேர்கோடுகளால் ஆனது. டியூரர் அவற்றை உடலின் திரட்சியைத் தழுவி வளையும் கோடுகளாக்கினார். உருவம் ஒருவருடையது, தசை மற்றவருடையது. ஓர் ஆசிரியன் தந்த யாப்பில் மாணவன் தன் சொல்லைப் பெய்வதை நாள்தோறும் காணும் எனக்கு, இந்தக் கோட்டு மாற்றம் எந்தத் தத்துவ விளக்கத்தைக் காட்டிலும் தெளிவாக இருந்தது. டியூரர் பிற்காலத்தில் தெய்வ பக்தி மிகுந்த கிறித்தவராகவே வாழ்ந்து 1528இல் மறைந்தார். கடல் தெய்வங்கள் அவர் கையைக் கட்டிப்போடவுமில்லை. அவர் நெஞ்சைத் திருப்பவுமில்லை.

மற்றொருவர் மார்க்கந்தோனியோ ரைமொந்தி. பொலோஞாவில் பொற்கொல்லரும் ஓவியருமான பிரான்சியா என்பவரிடம் தொழில் பயின்றவர். இவர் முதலில் டியூரரின் மரச்செதுக்குப் படங்களைச் செம்பில் படியெடுத்து விற்றார். டியூரரின் கையொப்ப முத்திரையையும் சேர்த்தே வெட்டிவிட்டார்! டியூரர் வெனிசுக்கே வந்து முறையிட்டதாகவும், முத்திரையைப் போடக்கூடாது என்பதற்கு மேல் ஆட்சியாளர்கள் எதையும் தடை செய்யவில்லை என்றும் வசாரி எழுதியிருக்கிறார். பதிப்புரிமை வழக்குகளில் நம் காலத்து எழுத்தாளர்கள் படும் பாட்டுக்கு இவர் முன்னோடி.

1510ஆம் ஆண்டையொட்டி ரைமொந்தி உரோமுக்கு வந்து, ரஃபேல் வரைந்து கொடுத்தவற்றைத் தகட்டில் வெட்டத் தொடங்கினார். அவற்றுள் புகழ்பெற்றது ‘பாரிசின் தீர்ப்பு’. சூனோ, மினர்வா, வீனஸ் என்னும் மூன்று தேவியருள் அழகி யார் என்ற வழக்கு, மலையில் ஆடு மேய்க்கும் இளைஞனான பாரிசிடம் வருகிறது. சூனோ அரசு தருவதாகச் சொல்கிறாள். மினர்வா போரில் வெற்றி தருவதாகச் சொல்கிறாள். வீனஸ் உலகின் பேரழகியைத் தருவதாகச் சொல்கிறாள். அவன் வீனசுக்குப் பழத்தைக் கொடுக்கிறான். அந்தப் பழத்தின் விலையாக திராய் நகரம் எரிந்தது. தவறான தீர்ப்புச் சொன்னால் ஊர் எரியும் என்பதை மதுரைக்காரர்கள் கிரேக்கரிடமிருந்து கற்க வேண்டியதில்லை; என்றாலும் இப்படத்தைப் பார்க்குந்தோறும் பாண்டியன் அவை என் நினைவுக்கு வரும். உரோமாபுரியின் பழைய கல்சவப்பெட்டிகளில் இருந்த புடைப்புச் சிற்பங்களைப் பார்த்து ரஃபேல் இக்காட்சியை அமைத்தார். அவர் இதைச் சுவரிலோ துணியிலோ தீட்டவில்லை; அச்சுக்கென்றே அமைத்தார். செப்புத் தகடு இல்லையேல் இந்தக் காட்சி நமக்கு வந்திராது. படத்தின் வலப்பக்க மூலையில் அமர்ந்திருக்கும் ஆற்றுத் தெய்வங்களின் இருப்பை 1863இல் பிரான்சு நாட்டு மனே என்னும் ஓவியர் அப்படியே எடுத்துத் தம் காலத்து நகரத்து இளைஞர்களாக்கிப் புல்வெளியில் உட்காரவைத்தார். பாரிஸ் மாநகரமே அதைக் கண்டு கொதித்தது தனிக் கதை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இப்படங்களுள் பெரும்பாலானவை நம் வகுப்பறைக்கு ஆகா. கிரேக்கத் தெய்வங்களுக்கு ஆடையின்மீது அவ்வளவு விருப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே நான் மாணவர்க்குக் காட்டியவை மிகச் சில. மற்றவற்றை வாயால் வருணித்தேன். வருணிப்பதற்குத்தானே தமிழாசிரியர்கள் இருக்கிறோம்!

இனி என் சொந்த மண்ணுக்கு வருகிறேன். இப்படங்கள் தாளோடு நிற்காமல் மண்ணுக்கும் வந்தன என்பதே அதற்குக் காரணம்.

இத்தாலியில் உர்பினோ என்றொரு மலை நகரம். ரஃபேல் பிறந்த ஊர். அங்கே மண்தட்டுகளில் புராணக் காட்சிகளைத் தீட்டிச் சுடும் தொழில் 16ஆம் நூற்றாண்டில் சிறந்து விளங்கியது. தட்டில் தீட்டிய கலைஞர்கள் உரோமுக்குச் சென்று ரஃபேலைப் பார்த்தவர்கள் அல்லர். அவர்கள் கையில் இருந்தவை ரைமொந்தியின் அச்சுத் தாள்கள். அவர்களுள் பிரான்செஸ்கோ சாந்தோ அவெல்லி என்பவர் ஒரு தாளிலிருந்து ஒரு வீரனையும், வேறொரு தாளிலிருந்து ஒரு பெண்ணையும், இன்னொன்றிலிருந்து ஒரு குதிரையையும் எடுத்து ஒரே தட்டில் சேர்த்து முற்றிலும் புதிய கதையாக்கிவிடுவார். ஒரு தாளில் ஓடிக்கொண்டிருந்தவன் இவர் தட்டில் வேறு பெயரோடு வேறு காரணத்திற்காக ஓடுவான். தட்டைத் திருப்பினால் பின்புறத்தில், முன்னே வரைந்த கதை இன்னது என்று இரண்டு வரி எழுதி, ஆண்டு குறித்து, ஊர்ப் பெயரோடு கையொப்பமிட்டிருப்பார். உரையாசிரியனும் பாடலாசிரியனும் ஒருவனே ஆகிவிட்டதைப் போன்றது இது.

இந்தத் தட்டுகளுக்கு மயோலிகா என்று பெயர். நடுநிலக் கடலில் உள்ள மயோர்க்காத் தீவின் பெயரிலிருந்து அச்சொல் வந்ததென்பர். மண்ணின் பழுப்பை மறைத்துப் பால்போன்ற வெண்மையைத் தரும் மெருகு இல்லாவிட்டால் தட்டில் நீலமும் மஞ்சளும் இப்படி எடுத்துத் தோன்றா. அந்த வெண்மெருகு இத்தாலியர் கண்டுபிடித்ததன்று. சீனத்து வெண்பீங்கானைக் கண்டு வியந்த அப்பாசியர் காலத்துக் குயவர்கள், 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ரா நகரில், ஈய மெருகில் வெள்ளீயத்தைச் சேர்த்துச் சுட்டு அதனைக் கண்டனர். பஸ்ராவிலிருந்து அது மேற்கே சென்று முஸ்லிம்கள் ஆண்ட இசுபானியாவை அடைந்தது. வலென்சியாவை அடுத்த மனிசெசு என்னும் ஊரில் முஸ்லிம் குயவர்கள் சுட்ட பொன்மெருகுத் தட்டுகளை இத்தாலியச் செல்வர்கள் விரும்பி வாங்கினர். பின்னர்த் தாங்களே செய்யக் கற்றனர். ஆக, உர்பினோவின் ஒரு தட்டை எடுத்துக்கொண்டால், அதன்மேல் இருப்பது கிரேக்கப் புராணம், கோடு உரோம நகரத்துச் செப்புத் தகட்டினது, தீட்டியவர் கிறித்தவர், அடியில் கிடக்கும் வெண்மை பஸ்ராவினது. இவற்றுள் எதனைப் பிரித்தெடுத்து ‘இஃது எங்களுடையதன்று’ என்று ஒதுக்குவது?

வேப்பூரை அறியாதவர்க்குச் சொல்கிறேன். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைக் கடலூர்–சேலம் சாலை குறுக்கிடும் கூட்டுரோடு அது. ஆட்டுச் சந்தைக்குப் பேர்போனது. அங்கிருந்து கிழக்கே பேருந்தில் சென்றால் விருத்தாசலம். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைத்த வெள்ளைக் களிமண்ணின் அருகாமையால் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியது. மின்சாரப் பியூஸ் கட்டைகளும் பொம்மைகளும் அங்கே செய்யப்படுகின்றன. என் அத்தா அங்கிருந்த ஒரு பட்டறையில் பொம்மை வார்க்கும் வேலை பார்த்தார். வேப்பூரிலிருந்து காலைப் பேருந்தில் போய் இரவுப் பேருந்தில் வருவார். அவர் சட்டை மடிப்பில் எப்போதும் வெள்ளைத் துகள் இருக்கும்.

வேலை இதுதான். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பாகாக்கி, இரண்டு பாதிகளாகச் சேர்த்துக் கட்டிய பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்ற வேண்டும். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, அச்சின் உட்சுவரில் களிமண் தோல்போலப் படியும். தோல் போதிய கனம் ஏறியதும் மிஞ்சிய பாகைக் கவிழ்த்துவிட்டு, சிறிது நேரம் கழித்து அச்சைப் பிரிக்க வேண்டும். உள்ளே ஈரப் பொம்மை நிற்கும். இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு வரம்பு எழுந்திருக்கும். அதைக் கத்தியால் சீவி, பஞ்சால் நீவி, காயவைத்துச் சூளைக்கு அனுப்புவார்கள். நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் அத்தாவின் கையில் தசாவதாரம் வரிசையாகப் பிறக்கும். மச்சமும் கூர்மமும் காய்வதற்காகப் பலகையில் அடுக்கியிருக்கும். அந்தப் பலகைக்கு ஓரமாகப் பாய் விரித்து அவர் லுஹர் தொழுவார். பள்ளி விடுமுறையில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தவர் எவருக்கும் அது வியப்பாக இருந்ததில்லை.

ஒன்றை மட்டும் அவர் செய்யமாட்டார். கண் எழுத மாட்டார். வார்ப்பார், சீவுவார், மெருகில் தோய்ப்பார், சூளையில் அடுக்குவார். தூரிகையை எடுத்துக் கண் எழுதும் வேலையை மட்டும் பக்கத்துப் பலகைப் பெண்ணிடம் தள்ளிவிடுவார். முதலாளிக்கு அது தெரியும். அவர் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. ஊரில் ஒருவர், “ஏம்ப்பா, இந்த வேலை நமக்குக் கூடுமா?” என்று கேட்டபோது, “மண்ணு ஊத்துறேன், கூலி வாங்குறேன். கண்ணு நான் எழுதுறதில்ல” என்றார். கேட்டவர் மேலே எதுவும் கேட்கவில்லை. உருவம் சமைப்பது பற்றி மார்க்க அறிஞர்கள் கூறியவை உண்டு. அவற்றில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் சொல்ல வருவது, தம் கோடு எது என்பதை எவரும் வரைந்து கொடுக்காமல் அத்தா தாமே வரைந்துகொண்டார் என்பதையே.

அத்தாவைப் போலவே தன் கோட்டைத் தானே வரைந்துகொண்ட ஒரு சிறுவனை வரலாற்றில் கண்டேன். 1580இல் ஏசு சபைத் துறவியர் பதேப்பூர் சிக்ரிக்கு வந்து, ஆண்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி விவிலியத்தை அக்பருக்கு அளித்தனர். அதில் செப்புத் தகட்டுப் படங்கள் இருந்தன. அதன் பின்னர் ஐரோப்பியப் படத்தாள்கள் மொகலாய அரண்மனைக்குத் தொடர்ந்து வந்தன. ஓவியர்கள் அவற்றைப் படியெடுத்துப் பழகினர். ஆகா ரிசா என்னும் பாரசீக ஓவியரின் மகன் அபுல் ஹசன், பதின்மூன்றாம் வயதில், 1600இல், டியூரர் 1511இல் வெட்டிய சிலுவைக் காட்சிப் படத்தைப் பார்த்து வரைந்தான். கடல் தெய்வங்களைப் பார்த்துக் கோடு பழகிய அதே டியூரர்தாம். அந்தப் படத்தில் சிலுவை உண்டு; சுற்றிலும் பலர் உண்டு. சிறுவன் சிலுவையை எடுக்கவில்லை. விரல்களைக் கோத்துப் பிசைந்துகொண்டு நிற்கும் யோவான் என்னும் சீடரின் உருவத்தை மட்டும் எடுத்தான். ஈசா நபி சிலுவையில் அறையப்பட்டார் என்பதை நாம் ஏற்பதில்லை. அன்பரை இழந்தவர்க்குக் கை இப்படித்தான் பிசையும் என்பதை மறுப்பவர் யார்? அந்தத் தாள் இன்று ஆக்சுபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அச்சிறுவன் பின்னாளில் ஜஹாங்கீரிடம் ‘நாதிருஸ் ஸமான்’, காலத்தின் அரியவன், என்று பட்டம் பெற்றான். ஓவியன் உயிருள்ளவற்றை எவ்வளவு வரைந்தாலும் உயிர் கொடுக்க இயலாமையால், உயிர் கொடுப்பவனை எண்ணாமல் இருக்க முடியாது என்ற கருத்தை அக்பர் கூறியதாக அபுல் பஸல் ஆயினே அக்பரியில் எழுதியிருக்கிறார். அத்தாவுக்கு இதைப் படித்துக் காட்டியபோது, “பாதுசா பொம்மைப் பட்டறைக்கு வந்திருப்பாரு போல” என்று சிரித்தார்.

எதிர்த் திசையிலும் தாள்கள் போயின. பிலிப்பு பால்டேயசு என்னும் டச்சுப் பாதிரியார் 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் பணியாற்றியவர். மலபாரையும் சோழமண்டலக் கரையையும் இலங்கையையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இந்து சமயத்தை மறுப்பதே அவர் நோக்கம். ஆனால் மறுப்பதற்கு முன் அவர் அவதாரக் கதைகளைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. செதுக்குவோரும் அந்த அவதாரங்களைச் செம்பில் வெட்ட வேண்டியிருந்தது. கடல் தெய்வங்களைக் கீறிப் பழகிய ஐரோப்பிய உளி, கடலிலிருந்து எழும் மச்சாவதாரத்தையும் கீறியது. அவ்வளவு நுண்ணிய நிழற்கோடுகளை வெறுப்பினால் மட்டும் வெட்ட முடியுமா என்று எனக்கு ஐயம். கை ஒரு வேலையில் இறங்கிவிட்டால், அதற்கென்று ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

உமறுப்புலவர் செய்ததும் வேறொன்றன்று. அவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றார். அங்கே கற்ற நாட்டுப்படலத்தையும் நகரப்படலத்தையும் எடுத்து, 5027 பாடல்களில் நபிகள் நாயகத்தின் வாழ்வைப் பாடினார். அரபு நாட்டில் வயல் விளைந்தது. மருத நிலத்து மள்ளர் அங்கே நாற்று நட்டனர். சாந்தோ அவெல்லி ஒரு தாளின் உருவத்தை இன்னொரு கதைக்குள் நிறுத்தியதைப் போலக் காப்பிய மரபின் அங்கங்களை எடுத்து வேறொரு நெஞ்சத்தின் தேவைக்கு நிறுத்தினார் உமறு. காப்பியத்தைக் கல்லாதவர் சீறாவைச் செய்திருக்க முடியாது. கல்லாதவர் அதைச் சுவைக்கவும் முடியாது. ஹாஜியாரின் பேத்தி அகலிகைப் படலத்தைப் படிக்கும் அதே அகராதியைக் கொண்டுதான் நுபுவ்வத்துக் காண்டத்தையும் படித்தாக வேண்டும். நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு. மு. இஸ்மாயில் கம்பனை ஆராய்ந்து நூல்கள் எழுதினார். சென்னைக் கம்பன் கழகத்தைத் தலைமை தாங்கி நடத்தினார். அவருடைய தொழுகையைக் கம்பன் குறைத்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

வகுப்பில் நான் எனக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். கதையைக் கதைக்குரிய மதிப்போடு சொல்வேன். கேலி செய்யமாட்டேன், என் மாணவருள் அக்கதையை வணங்குவோரும் இருக்கிறார்கள், அவர்கள் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். வணங்குவதுபோல நடிக்கவும் மாட்டேன். அது அவர்களுக்கும் பொய், எனக்கும் பொய். அகலிகை கல்லான இடத்தில் நின்று, ஒரு பெண்ணைக் கல்லாக்கிய சொல்லின் கடுமையைப் பேசுவேன். ஓவிட் தம் பெருங்காப்பியத்தில் மரமான தாப்னியையும், மானான அக்டேயனையும், சிலந்தியான நெசவுக்காரி அரக்னியையும் பாடியிருப்பதை ஒப்பிடுவேன். உருமாறும் கதைகளில் தண்டனை பெறுபவர் பெரும்பாலும் எளியவராகவே இருப்பது ஏன் என்று சென்ற பருவத்தில் ஒரு மாணவி கேட்டாள். கேட்டவள் ஹாஜியாரின் பேத்திதான். அந்த வினாவுக்கு மூன்று வகுப்புகள் தேவைப்பட்டன.

அத்தா வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இக்கட்டுரைக்காகச் சேர்த்த படங்களை அண்மையில் அவரிடம் காட்டினேன். பாரிசின் தீர்ப்பை அவர் பார்க்கவேண்டியதில்லை என்று தாண்டிவிட்டு, சாந்தோவின் தட்டு ஒன்றைக் கைப்பேசியில் பெரிதாக்கிக் கொடுத்தேன். தெய்வங்களைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. “நீலம் ஓரத்துல ஓடாம நிக்குது பாரு. எத்தனை சூடு குடுத்திருப்பான்?” என்றார். சற்று நேரம் கழித்து, “இவன் முதலாளியா, கூலிக்காரனா?” என்று கேட்டார். 1530இல் உர்பினோப் பட்டறைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுச் சேர்ந்து நின்றனர். பட்டறை உரிமையாளர்கள் அவர்களுக்கு எதிராக ஒன்றுகூடி ஆவணம் எழுதினர். அந்த ஆவணத்தில் தொழிலாளர் பக்கத்துப் பெயர்களுள் சாந்தோவின் பெயரும் இருக்கிறது என்று படித்ததைச் சொன்னேன்.

“அப்ப நம்மாளுதான்” என்றார் அத்தா. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அஸருக்கு எழுந்தார்.